கழற்றி வைத்த மூடி

ஜூலை 14, 2025. திங்கள்

காலையில் இரண்டு மணி நேரம் கரண்ட் இல்லை. வந்ததும் பன்னிரண்டு நூல் முறுக்கு மிஷினும் ஒன்றாக ஓட ஆரம்பித்த பிறகுதான் மனசு சமாதானமானது. ஆவணி முகூர்த்தத்துக்கு முறுக்கிய பட்டு நூல் கேட்டு தறிக்காரர்கள் தினமும் போன் செய்கிறார்கள்.

மதியம் ஜினகுமார் மாமா வந்தார். என் வீட்டுக்காரருக்குத் தூரத்து மாமா; இந்தப் பட்டறையில் நான் சூப்பர்வைசர், அவர் முதலாளி. தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் எப்போது வேண்டுமானாலும் வரலாம், பாதுகாப்புப் பயிற்சி ரெஜிஸ்டர் காலியாக இருக்கக் கூடாது என்றார். டீ நேரத்தில் இருபத்திரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கிவிட்டேன். மே, ஜூன், ஜூலை, மூன்று மாதத்துக்கும் சேர்த்து. ஏப்ரலில் சேர்ந்த தமிழ்ச்செல்வி மட்டும், "இன்னா பயிற்சிக்கா இது?" என்று கேட்டாள். அப்புறம் சொல்கிறேன், டீ ஆறுகிறது என்றேன். போட்டாள்.

எச்சரிக்கைப் படங்கள் நான்கு கொடுத்திருக்கிறார்கள். எல்லாம் இங்கிலீஷில். ஆபீஸ் ரூம் சுவரில் ஒட்டினேன். அங்கே என்னையும் மாமாவையும் தவிர யாரும் வருவதில்லை.

ஜூலை 17. வியாழன்

சின்னபொண்ணுவின் முந்தானை நாலாம் நம்பர் மிஷினின் பல்சக்கரத்தில் மாட்டி ஒரு சாண் கிழிந்துவிட்டது. நல்ல வேளை, புடவையோடு போயிற்று.

அந்தப் பல்சக்கரத்தின் இரும்பு மூடியைப் போன மாதம் நான்தான் கழற்றி வைக்கச் சொன்னேன். ஓரத்தில் இருக்கும் பாபினில் நூல் அறுந்தால், நாலு திருகையும் கழற்றி மூடியை எடுத்தால்தான் கை போகும். ஒவ்வொரு தடவையும் பத்து நிமிஷம். ஒரு நாளைக்கு எத்தனை தடவை அறுகிறது!

மூடியைத் திரும்பப் போட்டுவிடலாமா என்று சின்னபொண்ணு கேட்டாள். பதினைந்து வருஷம் இந்த வேலையில் இருப்பவள். "முந்தானைய இழுத்து சொருவிக்கினா அது ஏன் போய் மாட்டுது?" என்றேன். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன்.

ஜூலை 23. புதன்

தமிழ்ச்செல்வி மிஷினை நிறுத்தாமலே அறுந்த நூலுக்கு முடிச்சுப் போடுகிறாள். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன். "நீங்க போடறதத்தான் பாத்துகினே இருப்பேன்க்கா" என்றாள். பெருமையாக இருந்தது.

ஆகஸ்ட் 1. வெள்ளி

எழுத முடியவில்லை.

ஆகஸ்ட் 3. ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதி வைக்க வேண்டும். இல்லையென்றால் நானே மாற்றிவிடுவேன் போலிருக்கிறது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். இருட்டுவதற்கு முன் சாப்பிட்டுவிடுவது எங்கள் ஜைன வீட்டு வழக்கம். ஐந்தரைக்குக் கிளம்பினால்தான் அதற்குச் சரியாக இருக்கும். நாலாம் நம்பரில் இருந்த நூல் லாட் முடியவில்லை. இரண்டு தடவை போய், "ஜல்தியா முடிங்க, எல்லாரும் கிளம்பலாம்" என்றேன். எல்லாரும் என்றா சொன்னேன்? நான் கிளம்ப வேண்டும், அவ்வளவுதான்.

திரும்பி வந்து மேஜையில் உட்கார்ந்தேன். மிஷின் இரைச்சலில் அலறல் கேட்கவில்லை. சின்னபொண்ணு மெயின் சுவிட்சைப் பார்த்து ஓடுவது தெரிந்தது. சுவிட்சுக்கு முன்னால் காலி பாபின் மூட்டைகள். அவள் அதன் மேல் ஏறி, குப்புற விழுந்து, எழுந்து அணைத்தாள். மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்ற பிறகுதான் எனக்குக் குரல் கேட்டது.

தமிழ்ச்செல்வியின் வலது கை. ஆள்காட்டி விரலும் நடுவிரலும். ஓர பாபினில் முடிச்சுப் போட, ஓடுகிற மிஷினில் கையை விட்டிருக்கிறாள். நான் விடுகிற மாதிரியே.

துண்டைச் சுற்றி ஆட்டோவில் ஏற்றினேன். என் தோளில் சாய்ந்து கிடந்தவள் சொன்னது இதுதான்: "நான்தான்க்கா பாக்கல. ஓனரு கோச்சிக்குவாரா?"

அப்போதே சொல்லியிருக்கணும். உன் மேல தப்பு இல்லடின்னு ஒரு வார்த்தை. ஒண்ணும் ஆவாது, ஒண்ணும் ஆவாதுன்னே சொல்லிகினு போனேன்.

வேலூர் ஆஸ்பத்திரியில் இரண்டு விரலையும் எடுத்துவிட்டார்கள்.

ஆகஸ்ட் 6. புதன்

இன்ஸ்பெக்டர் வந்தார். முப்பது வயதுகூட இருக்காது அந்த அம்மாவுக்கு. நாலாம் நம்பர் மிஷினின் மூடியைத் தொட்டுப் பார்த்தார். மூடி திங்கட்கிழமையே மாட்டப்பட்டுவிட்டது. யார் மாட்டச் சொன்னது என்று நான் கேட்கவில்லை.

"சம்பவத்தன்னிக்கு இது இருந்ததா?" என்று என்னிடம் கேட்டார்.

மாமாவைப் பார்த்தேன். அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருந்துது மேடம். அந்தப் பொண்ணு கழட்டியிருக்கணும்."

பிறகு ரெஜிஸ்டரை எடுத்துக் காட்டினேன். மூன்று மாதம், மூன்று கையெழுத்து. அவர் எழுதிக்கொண்டார்.

தண்ணீரைக்கூட வடிகட்டிக் குடிக்கிற வீட்டில் பிறந்தவள். நடக்கும்போது எறும்பைப் பார்த்து நட என்று சொல்லி வளர்த்தார்கள். இன்று இரண்டு வாக்கியம் சொன்னேன். அதற்கு மேல் என்ன எழுத?

ஆகஸ்ட் 9. சனி

ஆஸ்பத்திரிக்குப் போனேன். தமிழ்ச்செல்வியின் வீட்டுக்காரர் குணா செங்கல் சூளையில் வேலை செய்கிறவர். எழுந்து நின்று கையெடுத்துக் கும்பிட்டார். நேரத்துக்குக் கொண்டு வந்து சேர்த்தீர்களே என்றார். உட்கார நாற்காலியைத் தூசி தட்டிப் போட்டார்.

கம்பெனி ஆள் வந்து, அவள் பயிற்சி எடுத்ததற்குக் கையெழுத்து இருக்கிறது, வழக்கு என்று போனால் நிற்காது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். தமிழ்ச்செல்வி கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டாள்: "அதுல இன்னாக்கா எழுதியிருந்துச்சு?"

நர்ஸ் வந்தார். அந்தச் சாக்கில் வெளியே வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 12. செவ்வாய்

பட்டறையில் யாரும் என் மேஜைப் பக்கம் வருவதில்லை. பேச்சு எல்லாம் நான் கிட்டே போனதும் நின்றுவிடுகிறது.

சின்னபொண்ணுவைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். நாலாம் நம்பரில் இதற்கு முன் வேறு யாருக்காவது ஏதாவது ஆகியிருக்கிறதா? ஜூலைக் கடைசியில் மட்டும் இரண்டு பேருக்கு என்றாள். ஒருத்திக்கு நகம் பெயர்ந்திருக்கிறது. இன்னொருத்தியின் வளையல் மாட்டி உடைந்திருக்கிறது. எனக்குத் தெரியக் கூடாது என்று துணியைச் சுற்றிக்கொண்டு வேலை செய்திருக்கிறார்கள்.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"நான் வந்து சொன்னப்ப கிண்டல் பண்ணீங்க இல்ல? அத எல்லாரும்தானே பாத்துகினு இருந்தாங்க."

அவள் வேலைக்குத் திரும்பிப் போய்விட்டாள். இவர்களுக்குக் கவனம் போதாது, எத்தனை சொன்னாலும் ஏறாது என்று மாமாவிடம் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். அந்த மிஷினில் எங்கே கை வைக்கக் கூடாது என்பது அவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. என்னிடம் வந்து சொல்லக் கூடாது என்பதும் தெரிந்திருந்தது. இரண்டாவதைக் கற்றுக்கொடுத்தது நான்.

ஆகஸ்ட் 13. புதன்

சாப்பாடு இறங்கவில்லை. விரதமா என்று இவர் கேட்டார். ஆமாம் என்றேன். இதிலும் பொய்.

ஆகஸ்ட் 17. ஞாயிறு

இவரிடம் சொல்லிவிட்டேன். மூடி, கையெழுத்து, இன்ஸ்பெக்டரிடம் சொன்னது, எல்லாம். அனந்தராஜ் அதிகம் பேசுகிறவர் இல்லை.

"மாமா மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

"தமிழ்ச்செல்வி மூஞ்சில நான் முழிக்கணுமே."

அவர் எழுந்து வெளியே போய்விட்டார். கோபம் என்று நினைத்தேன். நான் உட்கார்ந்து இன்ஸ்பெக்டருக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தேன். இரண்டு பக்கம் வந்தது. நாலு தடவை கிழித்துவிட்டு ஐந்தாவதாக எழுதியது. முதல் மூன்றிலும் 'மேலிடத்தின் நெருக்கடியால்' என்று ஒரு வார்த்தை எப்படியோ வந்து உட்கார்ந்துகொண்டது. அதை எடுத்த பிறகுதான் கடிதம் நேரானது.

ஆகஸ்ட் 18. திங்கள்

காலையில் செருப்பை மாட்டும்போது இவர் வண்டியை வாசலில் நிறுத்திக்கொண்டு நின்றார். ஏறிக்கொண்டேன்.

இன்ஸ்பெக்டர் அம்மா கடிதத்தை இரண்டு தடவை படித்தார். "இது உங்க மேலயும் வரும். தெரியும் இல்ல?" என்றார். தெரியும் என்றேன். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போடச் சொன்னார்.

ஆகஸ்ட் 20. புதன்

மாமா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"நான் உன்ன பொய் சொல்ல சொன்னனாம்மா?" என்று கேட்டார்.

இல்லை. சொல்லவில்லை. அவர் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மூடியைக் கழற்று என்றும் சொல்லவில்லை. லாட் எப்போது முடியும் என்றுதான் கேட்டார். பன்னிரண்டு வருஷமாக அவர் சொல்லாததையெல்லாம் நான் புரிந்துகொண்டு செய்திருக்கிறேன். அதற்குத்தான் கெட்டிக்காரி என்று பெயர்.

நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்.

ஆகஸ்ட் 24. ஞாயிறு

எங்கள் ஆரணியைத் தாண்டி சேத்துப்பட்டு; அங்கிருந்து உள்ளே நாலு கிலோமீட்டர், தமிழ்ச்செல்வியின் ஊர். அவள் வீட்டுக்கு வந்துவிட்டாள் என்று சின்னபொண்ணு சொல்லியிருந்தாள். கடிதத்தில் எழுதியதை அவள் முகத்துக்கு நேராகச் சொல்வதற்காகப் போனேன். குணாவும் இருந்தார்.

கடைசிவரை கேட்டாள். பிறகு ஒரே ஒரு கேள்வி.

"மூடிய நான் கழட்டினேன்னா சொன்னீங்க?"

"ஆமா."

எழுந்து உள்ளே போனாள். கட்டுப் போட்ட கையை இடது கையால் தாங்கிக்கொண்டு போனாள். குணா என்னைப் பார்க்காமல், "நீங்க கெளம்புங்க" என்றார். அன்று ஆஸ்பத்திரியில் நாற்காலி தட்டிப் போட்டவர். பஸ் ஸ்டாப்பு வரை நடந்தே வந்தேன்.

மன்னிப்பு கிடைக்கும் என்று நினைத்தா போனேன்? நினைத்திருக்கிறேன். திரும்பி வரும்போது தெரிந்தது.

செப்டம்பர் 16. செவ்வாய்

வேறு ஒரு முறுக்குப் பட்டறையில் சேர்ந்தேன். சூப்பர்வைசராக இல்லை, மிஷினில். முதல் நாளே ஓடுகிற பாபினை நோக்கி என் கை தானாகப் போனது. இழுத்துக்கொண்டேன். பக்கத்து மிஷின்காரி என்னக்கா என்றாள். சொன்னேன். முழுக்கச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

அக்டோபர் 9. வியாழன்

என் மேலும் மாமா மேலும் வழக்குப் பதிவாகிவிட்டது. நோட்டீஸ் வந்தது. இவர்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினார்.

நவம்பர் 18. செவ்வாய்

தமிழ்ச்செல்வி போன் செய்தாள். மூன்று மாதத்துக்குப் பிறகு அவள் குரல். வியாழக்கிழமை நஷ்டஈட்டுக்காக வேலூரில் மெடிக்கல் போர்டு. குணாவுக்குச் சூளையில் லீவு இல்லை. பைலை எடுத்துக்கொண்டு கூட வர ஆள் வேண்டும். அவ்வளவுதான் சொன்னாள்.

நவம்பர் 20. வியாழன்

பைலை என்னிடம் கொடுத்துவிட்டு பஸ்ஸில் இரண்டு சீட் தள்ளி உட்கார்ந்தாள்.

டாக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எப்படி நடந்தது என்று கேட்டார். தமிழ்ச்செல்வி என் பக்கம் கையைக் காட்டினாள். "இவங்கள கேளுங்க சார்."

சொன்னேன். மூடியைக் கழற்றச் சொன்னது யார், ஓடும் மிஷினில் கை வைத்துக் காட்டியது யார், அவசரப்படுத்தியது யார், பிறகு பொய் சொன்னது யார் என்று. காகிதத்தில் எழுதியது சுலபம். அவள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கும்போது ஒவ்வொரு 'நான்' என்பதற்கும் மூச்சு வாங்கியது. அவள் டாக்டர் மேஜையில் இருந்த கண்ணாடிப் பேப்பர் வெயிட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் எழுதி முடித்ததும் இடது கையால் கையெழுத்துப் போட்டாள். போடுவதற்கு முன், என்ன எழுதியிருக்கிறது என்று படித்துக் காட்டச் சொன்னாள். டாக்டர் படித்துக் காட்டினார்.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம். அவளுக்கு மட்டும் இடம் கிடைத்தது. ஆரணியில் நான் இறங்க வேண்டும், அவள் அப்படியே சேத்துப்பட்டு போக வேண்டும். பைலைக் கொடுத்தேன். வாங்கிக்கொள்ளவில்லை.

"நீங்களே வச்சிருங்க. அடுத்த மாசம் பத்தாம் தேதி திரும்ப வரச் சொல்லிகிறாங்க."

அக்கா என்று கூப்பிடவில்லை. டிசம்பர் பத்து, புதன்கிழமை. லீவு கேட்டுவிட்டேன்.