பூ விழாத இரண்டு விநாடி

2004 செப்டெம்பர் 14, செவ்வாய்

ஸ்டூடியோ முதலாளியோடு இன்றைக்கும் சண்டை. பளைச் சுமதி அக்காவின் கலியாண வீடியோதான் காரணம். மூலக் கசற் இடப்பெயர்வில் போய்விட்டது. மிஞ்சியது கனடாச் சொந்தக்காரர் பார்க்க அங்கத்தைய டிவி முறைக்கு மாற்றி, திரும்ப இங்கத்தைய முறைக்கு மாற்றிய கொப்பி. அசையும் இடமெல்லாம் இரண்டு பிரேம் ஒன்றாகக் கலந்து கோடு கோடாகக் கிடக்கிறது. கன்னிகாதானத்தில் இரண்டு விநாடிக்கு அக்காவின் அப்பாவுக்கு நான்கு கைகள். அந்த அப்பா இப்போது இல்லை.

"அதிலை ரோசாப்பூவை விழுத்தி மூடிவிடு, பிள்ளை," என்றார் முதலாளி. எங்கள் ஸ்டூடியோவில் படம் பிழைத்துப்போன இடமெல்லாம் கொம்பியூட்டர் பூ விழும்.

நான் மூடவில்லை. ஒவ்வொரு பிரேமாக நிறுத்திப் பார்த்து, கலக்காததை மட்டும் பொறுக்கிக் கோத்தேன். கை இரண்டாகிவிட்டது. ஆனால் வெட்டி வெட்டி அசைந்தது.

"கை நடுங்குது. இதைக் குடுத்தால் சிரிப்பினம்," என்றார் முதலாளி.

பின்னேரம் சுமதி அக்கா வந்து பார்த்தார். திரும்பவும் போடச் சொன்னார்.

"அப்பாவுக்கு அண்டைக்குக் கை நடுங்கினதுதான், தங்கச்சி. பூ ஒண்டும் வேண்டாம்."

அதில் எது அவர் நடுக்கம், எது என் வெட்டு என்று எனக்கே தெரியாது. அக்காவிடம் அதைச் சொல்லவும் இல்லை. நாளைக்கு முதலாளி பூவோடு வரட்டும், பார்க்கிறேன்.