பனி மெஷினுக்குப் புது வெளிச்சம்

ரெய்னோ,

பள்ளிக்கூடச் சமையலறைக்குக் கிளம்பிவிட்டேன். ராத்திரி பெய்த பனியை விடிவதற்குள் மெஷினை ஓட்டி, வாசலிலிருந்து ரோடு வரை ஒதுக்கியாயிற்று. ஆமாம், நான்தான்.

"இருட்டுல உனக்குக் கண்ணு தெரியாது, நானே தள்ளிக்கறேன்" என்று நேற்றும் சண்டை போட்டாய். "இது செத்த சரக்கு" என்று நீ கழற்றிப் போட்ட, நான் வாங்கி வந்த புது எல்இடி விளக்கைத் திரும்ப மாட்டினேன். பட்டப்பகல் மாதிரி எரிகிறது. அந்த மெஷினில் பேட்டரி ஏது? என்ஜின் ஓடினால்தானே விளக்குக்குக் கரண்ட்! இருபது வருஷம் ஓட்டியவனுக்கு இது தெரியாதா, இல்லை தெரிந்தேதான் என்ஜினை அணைத்து வைத்து, விளக்கு எரியவில்லை என்று காட்டினாயா?

மீன் சூப் அடுப்பின் மேல் இருக்கிறது. உப்பு சேர்க்காதே. சாப்பிட்டதும் மாத்திரையைப் போடு. பத்து மணிக்கு உன் தங்கை ஹில்யா வருவாள். பனி அள்ளும் மண்வெட்டியைத் தொட்டாயா என்று அவளிடம் கேட்பேன்.

மெஷின் சாவி என் பையில் இருக்கிறது. தேடாதே.

லெம்பி

பி.கு. போன ஜனவரியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீ விழுந்தபோது, ஜன்னலிலிருந்து பார்த்தால் அந்தப் பழைய பல்பின் மங்கல் மட்டும்தான் தெரிந்தது. நீ இன்னும் பனி தள்ளுகிறாய் என்று நினைத்து, நான் உனக்குக் காபி போட்டுக்கொண்டிருந்தேன்.