அலோர் ஸ்டாரில் இருந்த ஓர் இடம்

இன்று காலை என் மேசைக்கு முன்னால் வந்து நின்ற மாணவனின் சட்டையில் அந்த வாசம் இருந்தது. ரப்பர் ஷீட்டுகளைப் புகை போடும் கொட்டகைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களின் துணியில், எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத வாசம். விடுமுறையில் எங்கள் கம்பெனியில் பிராக்டிகல் பயிற்சி செய்ய இடம் கேட்டு வந்திருந்தான். அவனைப் பற்றி ஒன்றும் விசாரிக்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். விசாரிக்கத் துணிவில்லை. அவன் போன பிறகும் நீ என் எதிரில் நின்றுகொண்டிருந்தாய்.

சுங்கை லாலாங் எஸ்டேட்டில் உன் வீடும் அப்படி ஒரு கொட்டகையை ஒட்டித்தான் இருந்தது. உன் அம்மாவின் மூச்சிளைப்புக்கு அந்தப் புகைதான் காரணம் என்று நீ திட்டாத நாளில்லை. கல்லூரியில் நிதி படித்துக்கொண்டிருந்த நம் இருவருக்கும் அந்த வருடம் பிராக்டிகல் கட்டாயம். நல்ல கம்பெனியில் செய்தால் படிப்பு முடிந்ததும் அங்கேயே வேலை கிடைத்துவிடும். நான் தபாலில் அனுப்பிய கடிதம் ஒன்றுக்கும் பதிலில்லை. "லெட்டர் போட்டா குப்பைக்குத்தான் போவும். நேரா போயி நிப்போம் லா," என்றாய். அலோர் ஸ்டாரில் ஒரு பைனான்ஸ் கம்பெனி ஆள் எடுக்கிறது என்று துப்புக் கொண்டுவந்தவனும் நீதான். என்னிடம் சொல்லாமலே இருந்திருக்கலாம். நானாக இருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

பஸ் குருண் ஊரைத் தாண்டும்வரை பேலன்ஸ் ஷீட்டை எப்படிப் படிப்பது என்று எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தாய். இருவருக்கும் சேர்த்து ஒரே டைதான் இருந்தது. அதை என் கழுத்தில் மாட்டி, "மொதல்ல நீ போடா. காத்திருந்தா நீ பயந்துடுவே," என்று உள்ளே தள்ளிவிட்டாய்.

மானேஜர் என் மார்க்குகளைப் பார்த்தார். பிறகு கண்ணாடி வழியே வெளியே உட்கார்ந்திருந்த உன்னைப் பார்த்தார். "ஓர் இடம்தான் இருக்கிறது, வெளியே இருக்கும் உன் கூட்டாளி எப்படி?" என்று மலாயில் என்னிடம் கேட்டார். நீ என்னைவிடக் கெட்டிக்காரன். அதைத்தான் சொல்ல வாயெடுத்தேன். "நன்றாகப் படிப்பான், ஆனால் அவனுடைய அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை, அடிக்கடி லீவு போடுவான்" என்று முடித்தேன். பொய் ஒன்றுமில்லை. அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக நீ வகுப்புக்கு மட்டம் போட்டது உண்மைதான். யாரிடமும் சொல்லாதே என்று என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாய்.

அடுத்து உள்ளே போன நீ ஐந்தே நிமிடத்தில் வெளியே வந்தாய். இடம் எனக்குத்தான் என்று நீயே கைகொடுத்தாய்.

"அம்மாவுக்கு ஒடம்பு எப்படின்னு கேட்டாருடா. நல்ல மனுஷன். நீதான் சொன்னியா?"

"ஆமா."

"என்மேல எரக்கப்பட்டு எடம் குடுப்பாருன்னு சொன்னியா? பைத்தியக்காரா!"

சிரித்துக்கொண்டே என் தோளில் தட்டினாய். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். எதிரே இருந்த மாமாக் சாப்பாட்டுக்கடையில் நீ வாங்கிக் கொடுத்த தேநீரைக் குடித்தேன்.

நீ யான் என்ற சிற்றூரில் ஓர் அரிசி ஆலையில் பிராக்டிகல் செய்தாய். எந்தக் கம்பெனியும் கூப்பிடாததால், படிப்பு முடிந்தும் அங்கேயே கணக்கெழுதும் கிராணியாகத் தங்கிவிட்டாய். அந்த மானேஜரின் அறையில் இப்போது நான் உட்கார்ந்திருக்கிறேன்.

போன மாதம் மோட்டார் சைக்கிள் விபத்தில் நீ போய்விட்டாய். உன் ஆன்மாவுக்கான செபத்துக்கு உன் வீட்டுக்கு வந்தேன். உன் அம்மா மூச்சு வாங்க எழுந்து வந்து, அத்தனை பேர் முன்னால் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இந்தத் தம்பிதான். எனக்கு முடியலன்னு சொல்லி, எம்புள்ளைக்கு எடம் குடுங்கன்னு மானேஜருகிட்ட மன்றாடுன புள்ள. அவன் சொல்லிச் சொல்லி மாஞ்சு போவான்யா."

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். நான் உட்கார்ந்தேன். உயிரோடிருந்த உன்னிடமும் உண்மையைச் சொல்லவில்லை, உன்னைப் பெற்றவரிடமும் சொல்லவில்லை. வெட்கமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

நேற்று உன் தங்கை போன் செய்தாள். அம்மா தினமும் செபமாலை சொல்லும்போது, உன் பேருக்கு அடுத்ததாக என் பேரைச் சொல்கிறாராம்.