திருச்சியில் நிறுத்திவிட்டு வந்த விமானம்

பெரம்பலூர்,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் தென்றலுக்கு அம்மா மலர்க்கொடி எழுதிக்கொள்வது. இங்கே நான், அப்பா, ஜோதி, குழந்தை நான்கு பேரும் சாமி புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். நீயும் அங்கே சுகமா என்று கேட்கத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் சுகம் என்று நீ பதில் சொன்னால் அதை நம்பலாமா என்றே இப்போது தெரியவில்லை. போனில் உன் குரலைக் கேட்டதும் எனக்குக் கேட்க வந்தது மறந்துபோகும், நீயும் பேச்சை மாற்றிவிடுவாய், அதனால்தான் கடிதம். முழுவதும் படி. பாதியில் வைத்துவிட்டு ஜோதிக்குப் போன் போடாதே, பிள்ளை பெற்ற உடம்பு, உன் அக்காவை இதில் இழுக்க வேண்டாம். குழந்தைக்குச் சளி பிடித்திருந்தது, இப்போது தேவலை. நம் மக்காச்சோளத்தில் இந்த வருடமும் படைப்புழு, அப்பா காலையும் மாலையும் காட்டிலேயே கிடக்கிறார்.

ஜோதியின் வளைகாப்புக்கு நீ வந்து வாசலில் நின்றாயே, அன்றைக்கே எனக்கு ஒன்று உறுத்தியது. முதல் நாள் பேசும்போதுகூட லீவு கிடைக்காது என்றவள், வடக்கே உன் விமானப்படை முகாமிலிருந்து அத்தனை தூரம் ஒரு தோள்பையோடு வந்து நிற்கிறாய். எப்படி வந்தாய் என்றதற்கு பிளேனில் என்றாய், எந்தக் கம்பெனி பிளேன் என்று அப்பா கேட்டதற்குச் சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டாய். பிறகு பொங்கலுக்கும் அதே மாதிரி வந்தாய், விடியுமுன் கிளம்பிப் போனாய். என் மனம் எங்கெங்கோ போனது. வேலையை விட்டுவிட்டாயோ, எங்களுக்குத் தெரியாமல் யாரையாவது கட்டிக்கொண்டு திருச்சியிலேயே குடியிருக்கிறாயோ என்றுகூட நினைத்தேன். நீ குளிக்கப் போனபோது உன் பையைத் திறந்து பார்த்தேன், கோபித்துக்கொள்ளாதே, பெற்றவளுக்குச் சந்தேகம் வந்தால் அப்படித்தான். உள்ளே எண்ணெய் வாடையோடு உன் யூனிஃபார்ம் சுருட்டிக் கிடந்தது. வேலையும் போகவில்லை, புருஷனும் இல்லை என்று அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன், நான் ஒரு பைத்தியக்காரி.

உண்மை உன் மாமா ஆண்டவர் வாயிலிருந்துதான் வந்தது. மருமகனைச் சிங்கப்பூருக்கு ஏற்றிவிட ஏர்போர்ட்டுக்குப் போன இடத்தில் உன்னைப் பார்த்திருக்கிறான். பக்கத்துக் கேட் வழியாக யூனிஃபார்மோடு வந்தாயாம், கொஞ்ச நேரத்தில் சுடிதாரோடு ஆட்டோவில் ஏறினாயாம். "நம்ம புள்ள பிளேன தானே ஓட்டிக்கிட்டு ஊருக்கு வருதுக்கா, யாருக்குக் கிடைக்கும் இது" என்று தன் ஊர் கங்கைகொண்ட சோழபுரம் பூராவும் சொல்லிப் பெருமைப்பட்டுவிட்டு இங்கேயும் வந்து சொன்னான். அவனுக்குப் பெருமை, எனக்கு இது உன் மேலதிகாரிக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்ற கவலை.

அதனால்தான் குழந்தைக்குப் பேர் வைத்த அன்று நீ வந்ததும் அடுப்படியில் வைத்து நேராகக் கேட்டேன். நீ கொஞ்சமும் அசரவில்லை. "அது பயிற்சிம்மா. மாசத்துக்கு இத்தனை நேரம் பறந்தே ஆகணும். எங்கே இறங்கிட்டுத் திரும்பணும்கிறத நாங்களே கேட்டு வாங்கிக்கலாம். நான் திருச்சி கேட்டேன், அவ்வளவுதான்" என்றாய். தப்பு இல்லை என்றால் வரும் வழியில் எதற்குத் துணி மாற்றுகிறாய் என்று கேட்டேன். உடனே நீ பாயசத்தைக் கிளறப் போய்விட்டாய்.

அன்றைக்கு மாமா வீட்டுக்காரர்கள் வந்த பஸ் தாமதம், சடங்கு தள்ளிப்போனது. நீ குழந்தையை மடியில் வைத்திருந்தபோது உன் போன் அடித்தது, நான்தான் எடுத்தேன். உன்னோடு பிளேன் ஓட்டிவந்து திருச்சியில் காத்திருந்த வரதராஜன்பேட்டைப் பையன் லியோ பிரபு. "அம்மா, வானம் கறுத்துக்கிட்டு வருது, அக்காவக் கொஞ்சம் சீக்கிரம் அனுப்பிவிடுங்க. ஐயா எப்படி இருக்காங்க?" என்று கேட்டான். மரியாதைக்கு விசாரிக்கிறான் என்று நினைத்து, நல்லா இருக்காரு தம்பி என்றேன். "அப்பாடா, மாதா காப்பாத்திட்டாங்க" என்றான். என்ன பிள்ளை இது என்று அப்போதே நெருடியது. உன்னிடம் வந்து சொன்னேன், "இருக்கட்டும்மா, சாப்பிட்டுட்டுப் போறேன்" என்றாய். ஞாபகம் இருக்கிறதா?

பிறகு இரண்டு நாள் உன் போன் வேலை செய்யவில்லை. மூன்றாம் நாள் கூப்பிட்டு, மழையில் இறங்கும்போது டயர் பஞ்சர், வேறு ஒன்றுமில்லை என்றாய். ஒன்றுமில்லை என்று நீ இரண்டு தடவை சொன்னாய், அதிலேயே ஏதோ இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. போன வாரம் ஆண்டவர் வரதராஜன்பேட்டைக்கு முந்திரி விற்கப் போன இடத்தில், அந்தப் பைலட் பையன் கையில் கட்டோடு லீவில் வந்திருக்கிறான் என்று கேள்விப்பட்டு வந்து சொன்னான். அப்பாவிடம் ஜெயங்கொண்டத்தில் ஒரு துக்கம் என்று சொல்லிவிட்டு, அரியலூர் போய் பஸ் மாறி, ஜெயங்கொண்டத்தில் மாறி, ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

அந்தப் பையனின் அம்மா மரிய புஷ்பம் என்னைப் பார்த்ததும் என்ன செய்தாள் தெரியுமா? கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அக்கா, ஐசியூல இருந்து வந்துட்டாங்களா? எம்புள்ள சொன்னதுல இருந்து ஒவ்வொரு பூசையிலயும் உங்க வூட்டுக்காரர் பேரச் சொல்லி வேண்டிக்கிட்டு இருக்கோம். ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்கும் போயிட்டு வந்தோம்" என்றாள். யார் ஐசியூவில் என்று கேட்க வாய் வரை வந்துவிட்டது. தன் பிள்ளை கை ஒடிந்து கிடக்கும்போது என் புருஷனுக்காக ஒருத்தி அழுகிறாள், என் புருஷன் இங்கே மருந்துத் தெளிப்பானைத் தோளில் மாட்டிக்கொண்டு புழுவுக்கு மருந்து அடித்துக்கொண்டிருக்கிறார்.

அவள் காபி போட உள்ளே போனதும் அந்தப் பையனிடம் மெதுவாகச் சொன்னேன். தம்பி, அவரு ஆஸ்பத்திரிப் பக்கமே போகல, அன்னைக்கு நாங்க பேரப்புள்ளைக்குப் பேர் வச்சோம் என்றேன். அவன், "அம்மா, எனக்கும் வூடு இங்கதான் இருக்கு. நான் ஒரு தடவகூடப் பிளேன விட்டுட்டு வந்ததில்ல. அக்கா தாமதமா வந்தது அப்பா உயிர் விஷயம்னு நம்பித்தான் அந்த மழையிலயும் திருச்சியில இருந்து கிளம்ப ஒத்துக்கிட்டேன். விசாரணையிலயும் அதத்தான் சொல்லியிருக்கேன். எந்த ஆஸ்பத்திரின்னு கேக்குறாங்க, நான் திரும்பிப் போய்ச் சொல்லணும்" என்றான். உன்மேல் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பிளேன் ஓடுபாதையை விட்டு இறங்கிப் பள்ளத்தில் சாய்ந்தது என்றும் அவன் சொல்லித்தான் தெரிந்தது. பஞ்சராம் பஞ்சர்.

இப்போது நான் உன்னைக் கேட்கிறேன். பொய்யை அவனிடம் மட்டும் சொன்னாயா, மேலதிகாரியிடமும் சொன்னாயா? ஆஸ்பத்திரி பேர் கேட்டால் அந்தப் பையன் முழிப்பான், பொய் அவன் சொன்னதாக ஆகிவிடும், நீ சும்மா இருந்தாலே தப்பித்துவிடலாம். அதற்காகத்தான் இத்தனை நாள் சும்மா இருக்கிறாயோ என்று எனக்குச் சந்தேகம். பெற்ற மகளைப் பற்றி இப்படி எழுதக் கூடாதுதான், ஆனால் மனதில் வந்துவிட்டது, எழுதாமல் விட்டால் அது உள்ளேயே புழுத்துவிடும். இல்லை என்றால் இல்லை என்று எழுது. அதுவும் கையால் எழுது, உன் எழுத்தைப் பார்த்தால் பொய்யா நிஜமா என்று எனக்குத் தெரியும்.

எங்களைப் பார்க்க ஆசைப்பட்டுத்தான் வந்தாய், அதை நான் மறுக்கவில்லை. நீ வந்த ஒவ்வொரு தடவையும் நானும் சந்தோஷப்பட்டேன். ஆனால் அவன் திரும்பிப் போவதற்குள் நீயே போய் உள்ளதைச் சொல்லிவிடு. பதவி போகும் என்றால் போகட்டும். யாராவது இங்கே வந்து கேட்டால், அன்றைக்கு அப்பா சாப்பிட்டுவிட்டுத் திண்டுக்கல் பூட்டு மாதிரி திடமாக உட்கார்ந்திருந்தார் என்றுதான் நான் சொல்வேன், மகள் என்று பார்க்க மாட்டேன்.

அப்பாவிடம் மறைக்கலாம் என்றுதான் இருந்தேன், முடியவில்லை, நேற்று சொல்லிவிட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையைக் கழுவிவிட்டு எழுந்து போய்விட்டார். இன்று காலையில் வெள்ளை வேட்டி சட்டை போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பினார். எங்கே என்றேன். "அந்தம்மா எனக்காக இன்னும் வேண்டிக்கிட்டு இருக்குதுல்ல. நான் நல்லா இருக்கேன்னு நேர்ல காட்டிட்டு, போதும்மா, இனிமே உன் புள்ளைக்கு வேண்டிக்கன்னு சொல்லிட்டு வரேன்" என்றார். இந்தக் கடிதம் எழுதும்வரை திரும்பவில்லை.

மாரியம்மன் உனக்கு நல்ல புத்தியும் தைரியமும் கொடுக்கட்டும். நேரத்துக்குச் சாப்பிடு, தலைக்கு எண்ணெய் வை. மரிய புஷ்பத்திடம் நீயே பேசு, நம்பரைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

உன்னைப் பெற்ற,
ரா. மலர்க்கொடி