இரண்டு அணிக்கும் ஒரே சாட்சி

கிளமெண்டி
15 ஏப்ரல் 2025

அன்புள்ள அனு,

நான் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய், கைதட்டல் வாங்கியவர்களுக்கு என்ன குறை? வாட்ஸ்அப்பில் உன்னை பிளாக் செய்துவிட்டதால் தாளில் எழுதுகிறேன். போனில் பேசினால் கத்திவிடுவேன். புனித வாரத்தில் அது வேண்டாம்.

பூன் லே பட்டிமன்றத்தில் நீ பேசிய வீடியோவைத் தெரிந்தவர்கள் எல்லாரும் எனக்கு அனுப்பிவிட்டார்கள். பிள்ளைகள் சாப்பிடாமல் உடம்பைக் கெடுத்துக்கொள்ளக் காரணம் ஃபேஷன் உலகமா, பெற்றோரா என்று தலைப்பு. நீ பெற்றோர்தான் காரணம் என்ற அணி. தேக்காவில் துணிக்கடை வைத்திருப்பவளுக்கு நல்ல அணிதான் கிடைத்தது. "எங்க கடையில எக்ஸ்எஸ்ல இருந்து ஃபோர் எக்ஸ்எல் வரைக்கும் இருக்கு. அப்புறம் எப்படிங்க ஃபேஷன் மேல பழி போடுவீங்க?" என்றாய். மருந்துக் கடையில் எல்லா மாத்திரையும் இருக்கிறது, அதனால் ஊரில் யாருக்கும் காய்ச்சல் வராது என்று நாளைக்குச் சொன்னாலும் அதே ஆட்கள் தட்டுவார்கள்.

அதோடு நிறுத்தினாயா? "என் உயிர்த்தோழி ஒருத்தி. கிளமெண்டியில இருக்கா. பாலிடெக்னிக்ல கணக்கு சொல்லித் தர்றா. மக நெட்பால் டீம்ல கோல் ஷூட்டர். இன்னிக்கு அந்தப் பொண்ணு சாப்பிடாம ஆஸ்பத்திரிக்கு அலையுது. ஏன்? அந்தம்மா கல்யாண வீட்லகூட சோத்தைத் தொட மாட்டாங்க. அதைப் பாத்து வளந்த பொண்ணு வேற எப்படி இருக்கும்?"

எனக்குச் சர்க்கரை, அனு. உனக்குத் தெரியும். என்னை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனதே நீதான்.

ஜோனா அப்போதுதான் தேறிக்கொண்டிருந்தாள். ராத்திரி என்னோடு உட்கார்ந்து காயா ஜாம் தடவிய டோஸ்ட் சாப்பிடும் அளவுக்கு வந்திருந்தாள். போன வாரம் பள்ளி கேன்டீனில் அவள் டீம் பிள்ளைகள் தட்டைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்து, "சாப்பிடு லா. உங்க அம்மாதானே காரணம்? உன் மேல தப்பே இல்ல," என்றார்களாம். அன்றிலிருந்து மறுபடி அறைக் கதவு சாத்தியிருக்கிறது.

எனக்கு இரண்டே விஷயம் வேண்டும். அந்த வீடியோவை எடுக்கச் சொல். என் பிள்ளையை இனி மேடை ஏற்றாதே.

ஷாரன்

*

தேக்கா
19 ஏப்ரல் 2025

என் உயிருக்குயிரான ஷாரன்,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் முதலில் சந்தோஷப்பட்டேன். படித்து முடித்ததும் கடையிலேயே உட்கார்ந்து அழுதேன். வேலைக்கு இருக்கிற மர்யம் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். ஜோனா எனக்கும் பிள்ளை இல்லையா? அவள் பிறந்தபோது உன் வீட்டுக்காரருக்கும் முன்னால் தூக்கியவள் நான்.

ஆனால் நீ பட்டிமன்ற வழக்கம் தெரியாதவள் மாதிரி பேசுகிறாயே, அதுதான் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஜூனியர் காலேஜில் நாம் இரண்டு பேரும் சேர்ந்து ஏறாத மேடையா? எந்த அணி என்று நடுவர் அழகர்சாமி ஐயாதான் பிரித்துக் கொடுக்கிறார். கொடுத்த அணிக்குப் பேசுகிறோம், அவ்வளவுதான். நான் நினைப்பதெல்லாம் அது என்று யார் சொன்னது? உன் பெயரையும் நான் சொல்லவில்லை. கடைசியில் ஐயாவும் ஃபேஷனும் இல்லை, பெற்றோரும் இல்லை, உள்ளமே காரணம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். அப்புறம் யாருக்கு என்ன பழி?

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நூற்றுக்கணக்கான பேர் கை தட்டினார்களே, அத்தனை பேரும் முட்டாள்களா? ஏதோ ஒரு உண்மை இருக்கப் போய்த்தானே தட்டினார்கள்?

ஆனாலும் உன் மனசு நோகலாமா? வரும் சனிக்கிழமை டோபி காட் மேடையில் அதே தலைப்பில் மறுபடி பேசுகிறேன். உனக்கு ஒரு நியாயம் செய்யாமல் இறங்க மாட்டேன். இது சத்தியம். உனக்கு ஈஸ்டர் வாழ்த்துகள். ஜோனாவுக்கு என் முத்தங்கள்.

என்றும் உன்
அனு

*

கிளமெண்டி
23 ஏப்ரல் 2025

அனு,

எனக்கு நியாயமும் வேண்டாம், மண்ணாங்கட்டியும் வேண்டாம். நீ பேசாமல் இருந்தால் போதும்.

கை தட்டினால் உண்மையாம்! அதே மண்டபத்தில் உனக்கு அடுத்து பேசினவர், "எங்க காலத்துல கண்ணாடியே கிடையாது, யாரும் ஒல்லியாகணும்னு நினைக்கல," என்றார். அதற்கும் தட்டினார்கள். எதிர் அணியில் பேசின அம்மா, ரெடிமேட் பிளவுஸ் வந்த பிறகுதான் இந்த வியாதியே வந்தது என்றார். வந்த பிறகு வந்தது என்றால் அதனால் வந்தது என்று ஆகிவிடுமா? எம்ஆர்டி ரயிலும் அப்போதுதான் வந்தது. அதையும் சேர்த்துக் குற்றவாளி ஆக்க வேண்டியதுதானே. அதற்கும் தட்டினார்கள். உனக்குத் தட்டிய கைகளும் அவைதான்.

உங்கள் நடுவர் இன்னும் ஒரு படி மேல். யார் மனமும் புண்படக் கூடாது என்று இரண்டு பக்கமும் இல்லாத ஒன்றைத் தூக்கிக் காரணம் என்றுவிட்டார். உள்ளமாம்! என் பிள்ளைக்கு அதற்கு மருந்து எழுதிக் கொடுப்பாரா?

உனக்குத் தெரிந்த ஒரே பிள்ளையைக் காட்டிவிட்டு ஊர்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் இதுதான் என்றாய். அந்த ஒரு பிள்ளையைப் பற்றியாவது சரியாகச் சொன்னாயா என்றால் அதுவும் இல்லை. கணக்கு வாத்தியார் என்ற முறையில் இல்லை, பெற்றவள் என்ற முறையில் சொல்கிறேன்: வெட்கமாக இருக்கிறது.

ஜோனா நேற்று இரண்டு வாய் கஞ்சி குடித்தாள். சனிக்கிழமை அவளைப் பற்றி வாயைத் திறக்காதே. கெஞ்சிக் கேட்கிறேன் என்றே வைத்துக்கொள்.

ஷாரன்

*

தேக்கா
28 ஏப்ரல் 2025

என் ஷாரனுக்கு,

நீ வந்திருக்கணும்! டோபி காட் மண்டபத்தில் ஒரு கண் நனையாமல் இல்லை.

ஐயா இந்த முறை என்னை எதிர் அணியில் போட்டார், ஃபேஷன்தான் காரணம் என்று. கடவுளாகப் பார்த்துக் கொடுத்தது என்று நினைத்துக்கொண்டேன். அதே ஜோனா கதையைத்தான் சொன்னேன், ஆனால் உன்னைத் தெய்வம் மாதிரி வைத்துச் சொன்னேன். "கிளமெண்டியில ஒரு தாய்! மகளுக்குத் தட்டுல சோத்தைப் போட்டுட்டு அழுதுக்கிட்டே உக்காந்திருக்கா. அந்தத் தாயா கொன்னா? இல்லவே இல்ல! கொன்னது எங்க கடை ஜன்னல்ல இடுப்பே இல்லாம நிக்குதே, அந்தப் பொம்மை!" என்றேன். என் கடையையே குறை சொல்லிக்கொண்டேன், உனக்காக! இந்த முறை ஐயாவே எழுந்து கை தட்டினார்.

உன் மேல் இருந்த பழி போய்விட்டது. பூன் லே வீடியோவையும் எடுக்கச் சொல்லிவிட்டேன். இரண்டையும் ஒன்றாகப் பார்த்தால் ஒன்றோடு ஒன்று முட்டுகிறது என்று ஏற்பாட்டாளர்களும் சொன்னார்கள். இப்போது புதுசு மட்டும்தான் ஓடுகிறது. இனியாவது என்னை அன்பிளாக் பண்ணுவாயா?

ஜோனாவுக்கு ஒரு லெஹங்கா அனுப்பியிருக்கிறேன். மயில் கழுத்து நிறம், அவளுக்கு எடுப்பாக இருக்கும். இப்போது எஸ் சைஸே போதும் என்று நினைக்கிறேன், கொடுத்துவைத்தவள்! ஜூனில் மூன்றாவது மேடை இருக்கிறது. நீயும் அவளும் முன்வரிசையில் உட்கார வேண்டும்.

உன்னை மறக்காத
அனு

*

கிளமெண்டி
5 மே 2025

திருமதி அனுப்ரியா அவர்களுக்கு,

லெஹங்காவைத் திருப்பிவிட்டேன். மர்யம் வந்து வாங்கிக்கொண்டாள். பாவம், அவளுக்கு என்னைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. உங்களுக்கு அப்படி எதுவும் இருக்காது என்று தெரியும்.

முதல் மேடையில் என் மகளைக் கெடுத்தவள் நான். மூன்றே வாரத்தில் நான் தெய்வம் ஆகிவிட்டேன். நடுவில் அவளிடமும் எதுவும் மாறவில்லை, என்னிடமும் மாறவில்லை. உங்களுக்கு அணி மாறியது, அவ்வளவுதான். எந்தப் பக்கம் நிறுத்தினாலும் நிற்கிற சாட்சியாக ஒரு பிள்ளையின் பட்டினி உங்களுக்குக் கிடைத்திருக்கிறது. அவளை நீங்கள் மேடையில் "கொன்னது" என்று வேறு சொன்னீர்கள். அவள் உயிரோடு என் பக்கத்து அறையில் இருக்கிறாள்.

ஜோனா இரண்டு வீடியோவையும் பார்த்துவிட்டாள். முதலாவதைத் தோழி ஒருத்தி போனில் வைத்திருந்தாளாம். பார்த்துவிட்டு அழுவாள் என்று பயந்தேன். அழவில்லை. "ஏம்மா, அனு ஆன்ட்டி எவ்வளவு காரணம் சொல்றாங்க! ஒரு தடவையாச்சும் என்கிட்ட ஏன்னு கேட்டாங்களா?" என்றாள்.

அப்போதுதான் நான் நேராகக் கேட்டேன். இதற்கு முன் டாக்டர்கள் கேட்டார்கள், கவுன்சிலர் கேட்டார், நானும் சுற்றிச் சுற்றிக் கேட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் அவள் வாய் திறந்தாள். சாப்பாட்டு மேசையில் நெடுநேரம் சொன்னாள். ஃபேஷனும் இல்லை, நானும் இல்லை, உங்கள் நடுவர் சொன்ன உள்ளமும் இல்லை. சொல்லி முடித்ததும் பசிக்கிறது என்றாள். கீழே காப்பிக் கடைக்குப் போய் ரொட்டி பிராட்டா வாங்கி வந்தேன். ஒன்றை முழுசாகச் சாப்பிட்டுவிட்டு, என் தட்டிலிருந்து பாதியைப் பிய்த்துக்கொண்டாள்.

அவள் சொன்ன காரணம் என்ன என்று உங்களுக்குத் தெரிய வேண்டும் என்று துடிப்பாக இருக்கும். சொல்ல மாட்டேன். கேட்டு வராதீர்கள், யாரிடமும் விசாரிக்காதீர்கள். இந்த வீட்டுப் பேச்சு இனி உங்கள் காதுக்கு வராது.

ஜூன் மேடைக்கு உதாரணம் இல்லாமல் கஷ்டமாக இருந்தால் உங்கள் கடை ஜன்னலில் நிற்கிற பொம்மையைப் பற்றியே பேசுங்கள். அதற்குப் பள்ளிக்கூடம் கிடையாது, அம்மாவும் கிடையாது. எந்த அணிக்கு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு
ஜோனாவின் அம்மா