நஷ்டத்தில் வெளியேறத் தெரியாதவன்

ஜூலை 7, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. டாக்குரியா பாலத்தடியில் முழங்கால் தண்ணீர். வீட்டிலிருந்தே பங்கு வர்த்தகம், நனைய வேண்டியதில்லை. இந்தத் தொழிலில் மிச்சமிருக்கும் சௌகரியம் அது ஒன்றுதான்.

சந்தை திறக்கும் முன், வர்த்தகம் பழகக் காசு கொடுத்து வைத்திருக்கும் கோச் சொன்னபடி பத்து நிமிடம் மூச்சுப் பயிற்சி. கண்ணாடி முன் 'நான் நிதானமானவன்', ஐந்து முறை. பதினொரு மணிக்கு விலை, 'இதற்குக் கீழே போனால் விற்றுவிட்டு வெளியேறு' என்று நானே எழுதி ஒட்டிய எண்ணைத் தாண்டி இறங்கியது. வெளியேறவில்லை. ஏறிவிடும் என்று மூன்றரை வரை உட்கார்ந்திருந்தேன். ஏறவில்லை.

மனைவி சுதா, வேலை பார்க்கும் பள்ளியிலிருந்து வந்து என் முகத்தைப் பார்த்தாள். நேராக டீ போடப் போனாள்.

வாங்க: பால், கொசுவத்தி, குடைக்கு ஒரு கம்பி.

ஜூலை 9, புதன்

கோச்சுடன் வீடியோவில் அரை மணி. மும்பைக்காரர், என்னைவிடப் பத்து வயது சின்னவர். நல்ல மனிதர்தான். உங்களுக்கு ஒழுக்கம் போதவில்லை என்றார். சந்தை நேரத்தில் வீட்டிலிருந்து யார் கூப்பிட்டாலும் எடுக்காமல் இருக்கப் பழக வேண்டுமாம். அது எனக்கு நன்றாகவே வரும் என்றேன். பாராட்டினார். கேமராவை அணைத்தேன். நெட் போய்விட்டது என்று பொய்.

ஜூலை 11, வெள்ளி

பாலிகஞ்ச். சுதா பிடிவாதமாக நேரம் வாங்கிய மனநல ஆலோசகர், மிதா-தி; வங்க மொழியில் மிதா அக்கா. ஐம்பது வயதிருக்கும். நஷ்டத்தில் வெளியேறும் தைரியம் மட்டும் போதும், வேறொன்றும் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். தொழில் சரியாகும் என்று வாக்குக் கொடுக்க முடியாது என்றார். எப்போதிலிருந்து வெளியேற முடியவில்லை என்று கேட்டார்.

யோசித்தேன். முதல் ஐந்து வருடம் வெளியேற முடிந்தது. போன ஆகஸ்டிலிருந்துதான்.

ஆகஸ்டில் அப்பா செத்துப்போனார் என்றேன். பிறகு மீதியையும் சொன்னேன். ஆஸ்பத்திரியில் அம்மா கூட இருந்தாள். நான் வீட்டில், திரையில் பெரிய நஷ்டம் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா நான்கு முறை கூப்பிட்டாள். நான்கு முறையும் கட் பண்ணினேன். நஷ்டம் சரியானதும் போகலாம் என்று. சரியானது. போனேன். அப்பாவின் முகத்தை மூடியிருந்தார்கள்.

போன் சைலண்டில் இருந்தது என்றுதான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். சுதாவிடமும்.

வங்க மொழியில் பேசியதால் வாயில் வந்தது. தமிழில் வந்திருக்காது.

ஜூலை 12, சனி

சுதாவிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. எல்லாம் மடித்து முடித்தபின், "அத்தைகிட்ட சொல்லுங்க. எங்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது" என்றாள்.

ஜூலை 13, ஞாயிறு

கார்டன் ரீச். அம்மா இப்போது என் தங்கை வீட்டில், ரயில்வே குவார்ட்டர்ஸில் இருக்கிறாள். பஸ்ஸில் இரண்டு முறை எழுந்து இறங்கப் பார்த்தேன்.

தங்கை கடைக்குப் போயிருந்தாள். அம்மா அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். சொன்னேன். தமிழில், முழுதாக.

"தெரியும்டா," என்றாள். "சைலண்ட்ல இருந்தா மணி முழுசா அடிச்சு ஓயும். அன்னிக்கு ரெண்டு தடவை அடிச்சதுமே நின்னுபோச்சு. நாலு வாட்டியும்."

பதினொரு மாதம். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அப்பா ஏதாவது சொன்னாரா என்றேன்.

"உன்னைத்தான் கேட்டார். வந்துக்கிட்டே இருக்கான்னு சொன்னேன்."

பிறகு தட்டு எடுத்துவைத்துச் சாப்பிடக் கூப்பிட்டாள். திட்டியிருக்கலாம்.

ஜூலை 14, திங்கள்

வெயில். புழுக்கம். மூச்சுப் பயிற்சி செய்யவில்லை.

10.40க்கு எழுதிவைத்த எண் வந்தது. வெளியேறினேன். ஒரு நொடிகூட ஆகவில்லை. இவ்வளவு சுலபம்.

அன்றைக்கும் இவ்வளவு சுலபமாகத்தான் இருந்திருக்கும்.