சென்னியின் இரண்டாம் நாக்கு

6-2-1961
களி விழுங்கும்போது சென்னிக்கு மறுபடியும் அடைத்துக்கொண்டது. முதுகில் தட்டினேன். ஓங்கரித்தாள். நாக்குக்குப் பின்னாலிருந்து மஞ்சளாக, வழவழவென்று ஏதோ எட்டிப் பார்த்தது. விழுங்கியதும் உள்ளே போய்விட்டது. என் ஐந்து வயது மகளின் தொண்டையில் என்ன அது?

என் நாத்தனார் மாரியாத்தாளும் பார்த்துவிட்டார். "ரெட்டை நாக்கு! இது ஊட்டுக்கு ஆகாது" என்று வட்டிலை விட்டு எழுந்தார்.

9-2-1961
பல்லடம் சந்தைவரை பேச்சு போய்விட்டது. சென்னிக்கு இனித் தனி வட்டில். படுக்கை மாட்டுச் சாளையில். நானும் அங்கேயே படுக்கிறேன். அவள் மல்லாந்தால் மூச்சு நின்று நின்று வருகிறது.

2-3-1961
கொழுந்தனாருக்குப் பெண் கொடுக்க வந்தவர்கள் வீடு பார்த்தார்கள். சென்னியைச் சாளையில் வைத்து நாத்தனார் வெளியே தாழ் போட்டுவிட்டார். நான் பலகாரம் வைத்துக்கொண்டிருந்தேன். அவள் கத்த ஆரம்பித்தாள். மூக்கடைத்த குரலில் அவள் 'அம்மா' என்றால் 'அப்பா' என்றுதான் கேட்கும்.

"யாருங்க அது, அப்பாவைக் கூப்படறது?" என்றார் பெண்ணின் தகப்பனார்.

என் வீட்டுக்காரர் நிமிரவேயில்லை. "பண்ணையத்து ஆளோட புள்ளைங்க. நீங்க சாப்புடுங்க."

சொல்லிவிட்டார். எப்படிச் சொல்ல வந்தது? நானும் வாயைத் திறக்காமல் காப்பி ஊற்றினேன்.

3-3-1961
கோயமுத்தூர் ஆசுபத்திரிக்குப் போகலாமா என்று இவரிடம் கேட்டேன்.

"பொட்டப்புள்ளைக்கு எதுக்கு ஆசுபத்திரி? போனீன்னா போனதுதான். திரும்பி வராதே."

5-3-1961
போய்விட்டேன். சிங்காநல்லூரில் அண்ணன் கந்தப்பன் வீடு.

8-3-1961
பெரிய டாக்டர் வாய்க்குள் கண்ணாடி விட்டுப் பார்த்தார். "மூக்குக்குப் பின்னால, தொண்டைக்கு மேல கொழுப்புக் கட்டிம்மா. காம்பு வெச்சுத் தொங்குது. பொறக்கும்போதே இருந்திருக்கும். இத்தனை வருச சர்வீசுல இப்பத்தான் பாக்கறேன்."

"புத்து நோவுங்களா?"

"இல்லை, வெறும் கொழுப்பு. எடுத்துட்டாத் திரும்ப வராது."

வெறும் கொழுப்பு! இதற்கா என் குழந்தையை மாட்டோடு அடைத்துப்போட்டார்கள்?

17-3-1961
எடுத்துவிட்டார்கள். சீசாவில் போட்டுக் காட்டினார்கள், வெண்ணெய் உருண்டை மாதிரி. சென்னி வாயை மூடிக்கொண்டு தூங்குகிறாள். இப்படித் தூங்கி இதுவரை பார்த்ததேயில்லை. பக்கத்துக் கட்டில்காரி பயப்படுகிறாள் நான் அழுவதைப் பார்த்து.

24-3-1961
"அம்மா" என்றாள். அம்மா என்றே கேட்டது. வேண்டுமென்றே காது கேட்காத மாதிரி இருந்து இன்னொரு தடவை சொல்ல வைத்தேன்.

11-6-1961
இவர் வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டாராம். அண்ணன்தான் சொன்னார். அழுகை வரவில்லை. நாளை முதல் மில்லில் நூல் சுற்றும் ரீலிங் வேலை.

19-8-1962
ஷிப்டு முடிந்து வந்தால் வாசலில் அவர். கையில் பொரிப் பொட்டணம். இளைத்துத் தாடியோடு ஆளே மாறியிருந்தார்.

"ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போலாம்னு வந்தனுங்க..." என்றார். என்னிடம் அவர் 'ங்க' போட்டது இதுதான் முதல் தடவை. "புள்ளைக்கு என்னை அடையாளமே தெரியலை. 'உக்காருங்க, அம்மா இப்ப வந்துருவாங்க'ன்னு சொல்லித் தண்ணி குடுத்துச்சு."

நான் உள்ளே போய் அடுப்பைப் பற்ற வைத்தேன். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு பஸ்சுக்குப் போய்விட்டார்.

பொரி தின்றுகொண்டே சென்னி கேட்டாள், "யாரும்மா அவங்க?"

"பல்லடத்துக்காரரு கண்ணு" என்றேன்.